ஊரோட ஒத்துப் போறது எப்படி, எங்க முரண்டு பிடிக்கணும்: சென்னைவாசிக்கு ஒரு கைடு

சென்னைக்கு வேலைக்குன்னு புதுசா வந்து இறங்கினவங்க, கல்யாணம் ஆகி இன்னொரு வீட்டுக்குள்ள போனவங்க, கடன உடன வாங்கி ஃப்ளாட் வாங்கி அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல மாட்டிக்கிட்டவங்க, இந்த மூணு பேருக்கும் ஒரே பிரச்சனைதான். இங்க எது வழக்கம்னு யாரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க, ஆனா நீங்க மாத்திப் பண்ணிட்டா மட்டும் அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள மேல் வீடு கீழ் வீடு எல்லாத்துக்கும் தெரிஞ்சிருக்கும். எத கண்ண மூடிட்டு செய்யலாம், எத கண்டிப்பா விடணும், விடறப்ப எப்படி விட்டா அடி கம்மியா விழும், இதத்தான் எழுதறேன்.

முதல்ல, "எனக்கு இதுல நம்பிக்கை இருக்கா"ங்கற கேள்விய மூட்ட கட்டி வைங்க. அதக் கேட்டா பாதி விஷயத்துல நமக்கு நம்பிக்கையும் இருக்காது எதிர்ப்பும் இருக்காது, வெறும் சோம்பேறித்தனம்தான் இருக்கும். கேக்க வேண்டியது, இத நான் விட்டா யார் தலைல விழும், இத நான் செஞ்சா யார் தலைல விழும். இத வச்சுப் பாத்தா பெரும்பாலானது தானா பிரிஞ்சு நிக்கும்.

சில வழக்கம் எல்லாரும் செய்யறாங்கங்கற ஒரே காரணத்தாலதான் ஓடுது. இடது பக்கம் வண்டி ஓட்டறோம், இடதுக்குன்னு ஒரு புனிதமும் கிடையாது, எல்லாரும் ஒரே பக்கம் போனா சரி. ஸ்வீடன்ல 1967 செப்டம்பர் 3 வரைக்கும் நம்மள மாதிரி இடது பக்கம்தான், அன்னிக்கு விடியக்காலைல 4.50க்கு ரோட்ல இருந்த வண்டியெல்லாம் நிறுத்தி, வலது பக்கத்துக்கு மாத்தி நிக்க வச்சு, 5 மணிக்கு கிளம்புங்கன்னு விட்டாங்க, மொத்த நாடும் மாறிடுச்சு. இத்தனைக்கும் 1955ல ஓட்டெடுப்பு வச்சப்ப 80 சதவீதத்துக்கு மேல ஜனங்க வேணாம்னுதான் சொல்லியிருந்தாங்க. முந்தின நாளே யாராவது ஒருத்தர் "எனக்கு வலதுதான் சரின்னு படுது"ன்னு தனியா வண்டிய எடுத்திருந்தா அவர யாரும் சிந்தனையாளர்னு சொல்லியிருக்க மாட்டாங்க, ஆஸ்பத்திரில போய்ப் பாத்திருப்பாங்க.

நம்ம ஊர்ல இந்த வகைக்கு பெஸ்ட் உதாரணம் எம்டிசி பஸ். சாயங்காலம் 29சி மாதிரி ஒரு பஸ்ல ஏறுங்க, கண்டக்டர் பின்னாடி படி பக்கத்துல அவர் சீட்லயே உக்காந்திருப்பார், கூட்டத்துல அவர்கிட்ட போகவே முடியாது. 20 ரூபா நோட்ட பக்கத்துல நிக்கறவர்கிட்ட நீட்டி "ஒரு அடையார்"னு சொன்னா போதும், அவர் திரும்பிக் கூட பாக்க மாட்டார், அடுத்த ஆளோட தோளத் தட்டிக் குடுப்பார், அது நாலஞ்சு கை மாறிப் போகும், அடையார்ங்கற வார்த்தையும் கூடவே போகும், அப்புறம் டிக்கெட்டுக்குள்ள சில்லறைய மடிச்சு வச்சு அதே வழில திரும்பி வரும். பெண்களுக்கு 2021லேருந்து ஒயிட் போர்டு போட்ட சாதா பஸ் ஃப்ரீ, ஆனா அதுக்கும் டிக்கெட் உண்டு, அதனால "ஒரு லேடீஸ்"னு அதுவும் இதே மாதிரி கை மாறும். நடுவுல நிக்கறவன் எவனும் அந்தக் காசத் தொடறது இல்ல. இதுல உங்களுக்கு இருக்கற ஒரே கடமை, தோள்ல தட்டினா இயர்ஃபோனக் கழட்டிட்டு கை நீட்டறது. நீங்க ஒருத்தர் காதுல வாங்காம நின்னா அந்த சங்கிலி உங்ககிட்ட அறுந்துடும், உங்களுக்கு அந்தப் பக்கம் இருக்கற ஒரு வயசான அம்மா டிக்கெட் இல்லாம செக்கிங்ல மாட்டும். இந்த மாதிரி வழக்கத்தப் பாத்து "நான் எதுக்கு செய்யணும்"னு கேக்கறது சுதந்திரம் இல்ல, ஓசில போறது.

இங்க ஒரு கிளை விஷயம் சொல்லிடணும், இதுல நிறைய பேர் வழுக்கி விழறாங்க. எல்லாரும் பண்றது வேற, எல்லாரும் ஒத்துக்கிட்டது வேற. ஓஎம்ஆர் சர்வீஸ் ரோட்ல பைக்க எதிர்ப்பக்கம் ஓட்டிட்டு வர்றவங்கள நிறுத்திக் கேளுங்க, தப்புன்னுதான் சொல்லுவாங்க, "எல்லாரும் வர்றாங்க சார்"னும் சொல்லுவாங்க. ராபர்ட் சியால்டினின்னு அமெரிக்க உளவியல்காரர், 1990ல கூட ரெண்டு பேரோட சேந்து இதத்தான் பிரிச்சு எழுதினார், ஜனங்க எதப் பண்றாங்கங்கறது ஒரு வழக்கம், எத சரின்னு நினைக்கறாங்கங்கறது இன்னொண்ணு. ஏற்கனவே குப்பையா கிடக்கற இடத்துல குப்பை போடறதுக்குக் கை கூசாது, சுத்தமா இருந்தா கூசும்னும் அவங்க சோதனைல தெரிஞ்சுது. நம்ம தெருமுனைத் தொட்டிய சுத்தி ஒரு கவர் விழுந்தா அரை மணி நேரத்துல பத்து கவர் விழறது இதனாலதான். அதனால ஊரோட ஒத்துப் போறேன்னு சொல்லிட்டு ஊர் அசந்து போய்ப் பண்றதக் காப்பி அடிக்காதீங்க.

அடுத்து மரியாதை வகையறா. இதுக்கெல்லாம் செலவு ஒண்ணும் கிடையாது, செஞ்சுட்டுப் போங்க. செருப்ப வெளிய விடறது, பெரியவங்க நிக்கறப்ப கால் மேல கால் போட்டு உக்காராம இருக்கறது, கிளம்பறப்ப "போறேன்"னு சொல்லாம "போய்ட்டு வரேன்"னு சொல்றது. துக்க வீட்ல மட்டும் அந்த வரேனும் கிடையாது, ஒண்ணும் சொல்லாம எழுந்து வந்துடணும், இது தெரியாம வெளியூர்ப் பசங்க நல்ல பிள்ளையா "வரேங்க"ன்னு கும்பிட்டுட்டு வந்து முழிப்பாங்க. இலை மடிக்கறதுலயும் இதே கதைதான், கல்யாணத்துல நம்ம பக்கமா மடிக்கணும், காரியத்துல எதிர்ப்பக்கமா.

மொய் விஷயத்துல எவ்ளோ வைக்கணும்னு கூகுள்ல தேடாதீங்க, உங்க லெவல்ல வேலை பாக்கற ஒருத்தர்கிட்ட கேளுங்க, அதான் ரேட். 500 வச்சா கூட ஒரு ரூபா சேத்து 501, அந்த ஒரு ரூபா காசு ஒட்டின கவராவே பாரிஸ் கார்னர்ல விக்குது. சென்னை ரிசப்ஷன்ல கவர மேடைல குடுத்து போட்டோ எடுத்துட்டு டைனிங் ஹாலுக்கு ஓடிடலாம், கணக்கு அவ்ளோதான். ஆனா மதுரைப் பக்கத்து ஆபீஸ் நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனா மண்டப வாசல்ல நோட்டு போட்டு உக்காந்திருப்பாங்க, ஊர் பேரோட உங்க பேர் ஏறும், அது பரிசு இல்ல, திரும்பி வர வேண்டிய பணம், உங்க வீட்டு விசேஷத்துக்கு அவங்க அதுக்கு மேல கொஞ்சம் போட்டுத்தான் வைப்பாங்க. அங்க போய் பூங்கொத்து நீட்டிட்டு நிக்காதீங்க. பத்திரிகைல அன்பளிப்பு தவிர்க்கவும்னு போட்டிருந்தா? நிஜமாவே சொல்றாங்களா சும்மா போட்டிருக்காங்களான்னு பொண்ணு வீட்டு சித்தப்பா ஒருத்தரப் பிடிச்சுக் கேட்டுடுங்க.

புது இடத்துல இதெல்லாம் கத்துக்க ஒரே வழி, முதல் ஒரு மாசம் வாய மூடிட்டுப் பாக்கறது, அப்புறம் சரியான ஆளப் பிடிச்சு "இங்க எப்படிங்க வழக்கம்?"னு கேக்கறது. மேனேஜர்கிட்டயோ செக்ரட்டரிகிட்டயோ கேக்காதீங்க, அவங்களுக்கு ரூல் புக்கு மட்டும்தான் தெரியும். பல வருஷமா இருக்கற வாட்ச்மேன் அண்ணன், ஆபீஸ்ல டீ கொண்டு வர்ற அக்கா, ஃப்ளாட் கட்டின நாள்லேருந்து இருக்கற மாமி, இவங்களுக்குத்தான் எழுதாத சட்டமெல்லாம் மனப்பாடம். கேட்டா சந்தோஷமா சொல்லுவாங்க, நடுவுல யார் யாருக்கு யாரோட ஆகாதுன்னும் சேத்து வரும், அதயும் வாங்கி வச்சுக்குங்க.

"நாலு பேர் என்ன நினைப்பாங்க"ன்னு தோணுச்சுன்னா ஒரு பேப்பர எடுத்து அந்த நாலு பேரோட பேர எழுதிப் பாருங்க. காமெடிக்கு சொல்லல, நிஜமா எழுதுங்க. நிறைய நேரம் ரெண்டு பேருக்கு மேல தேறாது, அந்த ரெண்டு பேரும் வாயத் திறந்து எதுவும் சொன்னது கிடையாது. பர்த்டே ரிட்டர்ன் கிஃப்ட் இப்படித்தான். ஃப்ளாட்ல எல்லா அம்மாவும் மனசுக்குள்ள இது தண்டச் செலவுன்னு திட்டிட்டே, மத்தவங்களுக்கு இது வேணும்போலன்னு நினைச்சு டி நகர்ல அலைஞ்சு வாங்கிட்டு வருவாங்க. ஒருத்தி குரூப்ல "கிஃப்ட் கொண்டு வராதீங்க, நாங்களும் ரிட்டர்ன் குடுக்கல, கேக் சாப்பிட்டு விளையாடிட்டுப் போகட்டும்"னு போட்டா போதும், அடுத்தடுத்து கைதட்டற எமோஜியா வந்து விழும். யாருமே விரும்பாம எல்லாருமே தூக்கிட்டு அலையற வழக்கம் இந்த ஊர்ல ஏராளமா இருக்கு, ஒரு மெசேஜ்ல உடையற கேஸ் அதெல்லாம்.

உடையாத கேஸ் வேற. யாரோ ஒருத்தரக் கீழ வச்சாதான் நிக்கும்ங்கற வழக்கம். வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்குன்னு ஜன்னல் ஓரத்துல தனியா கவுத்து வச்ச ஒரு எவர்சில்வர் டம்ளர், டூ-லெட் போர்டுல "வெஜ் ஒன்லி"ன்னு எழுதிட்டு ஃபோன்ல ஊர் எது, அப்பா பேர் என்னன்னு சுத்தி சுத்தி வேற ஒண்ண விசாரிக்கறது, புருஷன் இல்லாத அம்மாவ பொண்ணு கல்யாணத்துலயே பின்னாடி நிக்க வைக்கறது. என் அளவுகோல்ல இதெல்லாம் தெளிவா விழுந்துடுது. நான் ஒத்துப் போறதுக்கான பில்ல இன்னொருத்தர் கட்டறார், அதுவும் அவரக் கேக்காமயே. இங்க அனுசரிச்சுப் போறது நல்ல குணம்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

திருக்குறள்லயே உலகத்தோடு ஒட்ட ஒழுகல்னு இருக்கேன்னு பெரியவங்க யாராவது ஆரம்பிப்பாங்க. ஆமா இருக்கு, 140வது குறள், ஒழுக்கமுடைமை அதிகாரம், உலகத்தோட ஒத்து நடக்கத் தெரியாதவன் எவ்ளோ படிச்சிருந்தாலும் அறிவில்லாதவன்னு சொல்லுது. ஆனா அதுக்குப் பரிமேலழகர் எழுதின உரையையும் படிச்சுட்டு வரச் சொல்லுங்க. அறநூல்ல சொன்னதுல இந்தக் காலத்துக்கு ஒத்து வராதத விட்டுட்டு, சொல்லாததுல ஏத்துக்க வேண்டியத எடுத்துக்கறதும் இதுக்குள்ள அடக்கம்னு எழுதியிருக்கார் மனுஷன். எழுநூறு வருஷத்துக்கு முன்னாடியே பழசக் கழிக்கறதையும் ஒழுக்கத்துலயே சேத்துட்டாங்க, அந்த வரிய மட்டும் யாரும் ஞாபகம் வச்சுக்கல.

சரி, எப்படி விடறது. முதல் விதி, தனியா இறங்காதீங்க. சாலமன் ஆஷ்னு ஒருத்தர் 1950கள்ல அமெரிக்க காலேஜ் பசங்கள வச்சு ஒரு சோதனை பண்ணினார், ஒரு கோட்டக் காட்டி பக்கத்து அட்டைல இருக்கற மூணு கோட்டுல எது அதே நீளம்னு கேப்பாங்க, சின்னப் பிள்ளைக்கும் தெரியும் பதில். ஆனா ரூம்ல மத்தவங்க எல்லாரும் செட் பண்ணி வச்ச ஆளுங்க, ஒரே குரல்ல தப்பான பதில சொல்லுவாங்க. நாலுல மூணு பேர் ஒரு தடவையாவது அந்தத் தப்பான பதிலுக்குத் தலையாட்டினாங்க. எனக்கு இதுல பிடிச்சது அடுத்த பாகம், அந்தக் கூட்டத்துல ஒரே ஒருத்தர் சரியான பதில் சொன்னா போதும், தலையாட்டறது சர்ருன்னு இறங்கிடுச்சு. உங்களுக்கு ஒரு படையெல்லாம் வேண்டாம், இன்னொரு ஆள் வேணும், அவ்ளோதான்.

அந்த ஆள் யாரா இருக்கணும்ங்கறதுலதான் சாமர்த்தியம் இருக்கு. உங்க காலேஜ் ஃப்ரெண்ட கூட்டிட்டு வந்தா வேலைக்காகாது, அவன் எப்படியும் உங்க பக்கம்னு எல்லாருக்கும் தெரியும். எங்க சொந்தத்துல வில்லிவாக்கத்துல ஒரு கல்யாணம், பொண்ணுக்கு அப்பா இல்ல, தாரை வார்க்க சித்தப்பா சித்தி உக்காந்துட்டாங்க, அம்மா ஸ்டோர் ரூம் வாசல்ல தேங்கா மூட்டை பக்கத்துல நின்னு தாம்பூலப் பைல வெத்தல பாக்கு போட்டுட்டு இருந்தாங்க. முகூர்த்தத்துக்கு கொஞ்சம் முன்னாடி பொண்ணோட பெரிய அத்தை, எழுபது வயசு, ரெண்டு மூக்குலயும் பேசரி, சாஸ்திரம் சம்பிரதாயம்னா அந்தக் குடும்பத்துக்கே சுப்ரீம் கோர்ட்டு, முன்வரிசைலேருந்து சத்தமா "ஏம்மா, அங்க என்ன பண்ற, அட்சதைய எடுத்துட்டு முன்னாடி வா, உன் பொண்ணுக்கு நீ போடாம வேற யாரு போடறது"ன்னாங்க. ஐயர் மந்திரத்த ஒரு நொடி நிறுத்தி நிமிர்ந்து பாத்தார், அப்புறம் விட்ட இடத்துலேருந்து ஆரம்பிச்சுட்டார். அம்மா புடவைல கையத் தொடச்சுட்டு வந்து நின்னாங்க. பந்தில உக்காந்தப்ப, வழக்கமா முதல்ல முணுமுணுக்கற ரெண்டு பேர் "இப்பல்லாம் யாருங்க இதப் பாக்கறா"ன்னு சாம்பார் கேட்டுட்டு இருந்தாங்க.

இது திடீர்னு நடந்த மாதிரி இருந்துச்சு, ஆனா அப்படி இல்ல. பொண்ணு முந்தின வாரமே அத்தை வீட்டுக்குப் போய், நான் மேடைல சண்ட போட மாட்டேன் அத்தை, நீங்க ஒரு வார்த்த கூப்பிடுங்க போதும்னு பேசிட்டு வந்திருக்கா. நோட் பண்ணிக்குங்க, மேடைல வாக்குவாதம் கிடையாது, ஸ்டேட்டஸ்ல போஸ்ட் கிடையாது, ஊர் யார் மூஞ்சியப் பாத்து முடிவு பண்ணுதோ அவங்ககிட்ட மட்டும் முன்னாடியே போய்ப் பேசினா. அம்மாவையும் கேட்டுட்டுத்தான் பண்ணினா, இது முக்கியம். யாருக்காக உடைக்கறோமோ அவங்களுக்கே அது சங்கடமா இருந்தா நம்ம வீரம் இன்னொரு சுமை.

டம்ளர் கேஸ்லயும் அப்படித்தான். அறிவிப்பெல்லாம் வேண்டாம், நீங்க குடிக்கற அதே செட்லேருந்து ஒரு டம்ளர எடுத்து காபி ஊத்திக் குடுங்க. மாமியார் கேட்டா "எல்லாப் பாத்திரத்தயும் தேய்க்கறதே அவங்கதானே அத்தை"ன்னு சாதாரணமா சொல்லிட்டு அடுத்த வேலையப் பாருங்க, இதுக்கு பதில் சொல்றது ரொம்பக் கஷ்டம். ஆனா அந்த அக்காவ வலுக்கட்டாயமா சோபால உக்கார வச்சு எல்லாரும் பாக்கற மாதிரி பண்ணாதீங்க, நாளைக்கு மாமியாரோட தனியா இருக்கப் போறது அவங்க.

பெரிய வழக்கம்னா கூட்டா விடணும், எல்லாரும் ஒரே நேரத்துல. இதுக்கு நம்ம ஊர விட நல்ல பாடம் இல்ல. 1929 பிப்ரவரில செங்கல்பட்டுல நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுல பேருக்குப் பின்னாடி இருக்கற சாதிப் பட்டத்த விடணும்னு தீர்மானம் போட்டாங்க, பெரியாரே நாயக்கர்ங்கறத விட்டார். தனியா ஒருத்தர் விட்டா மத்தவங்க விடாம சேத்து சேத்துக் கூப்பிடுவாங்க, ஒரு கூட்டமே விட்டா கூப்பிடறவனுக்குக் கூச்சமாயிடும். இன்னிக்கு சென்னைல எந்த ஸ்கூல் ரிஜிஸ்டரப் பாத்தாலும் இனிஷியலும் பேரும்தான், யாருக்கும் அது ஒரு எதிர்ப்பாவே தெரியல, அதுவே வழக்கமாயிடுச்சு. (சர்நேம் கட்டத்துல என்ன எழுதறதுன்னு தெரியாம அப்பா பேரப் போட்டு, வெளிநாட்டு ஏர்போர்ட்ல அப்பா பேரால கூப்பிடப்படறது நம்ம தலைவிதி.) சாதி போயிடுச்சான்னா போகல, மேல சொன்ன டூ-லெட் ஃபோன் கால்ல ஒளிஞ்சுட்டு இருக்கு, ஆனா பேர்ல வச்சுக் காட்டறது அசிங்கம்னு ஆனது சின்ன விஷயம் இல்ல.

சில நேரம் சட்டமும் கூட வரணும். ஐயர் இல்லாம, சடங்கு இல்லாம பண்ணின சுயமரியாதைக் கல்யாணம் செல்லாதுன்னு 1950கள்ல ஹைகோர்ட்டே சொல்லிடுச்சு, அப்புறம் அண்ணா ஆட்சில 1967ல சட்டத் திருத்தம் கொண்டு வந்து, சொந்தபந்தம் நண்பர்கள் முன்னாடி மாலை மாத்தினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும்னு ஆக்கினாங்க, அதுக்கு முன்னாடி அப்படி நடந்த கல்யாணத்துக்கும் சேத்து. நீங்க இப்ப அப்படிப் பண்ணிக்கறதா இருந்தா வீட்ல "இது செல்லுமா"ன்னு கண்டிப்பா ஒரு மாமா கேப்பார், பதில் கைல இருக்கட்டும், பதிவும் பண்ணிடுங்க. வேட்டி கதையும் தெரிஞ்சிருக்கும், 2014 ஜூலைல சேப்பாக்கத்துல ஒரு கிளப் நிகழ்ச்சிக்கு வேட்டி கட்டிட்டுப் போன ஹைகோர்ட் நீதிபதியவே உள்ள விடல, அடுத்த மாசமே வேட்டியத் தடுத்தா தண்டனைன்னு சட்டசபைல சட்டம் வந்துடுச்சு. பேன்ட் ஷர்ட்டுதான் நாகரிகம்னு யார் எப்ப முடிவு பண்ணினாங்கன்னு அந்த வாசல்ல நின்னவருக்குக் கூட தெரிஞ்சிருக்காது.

கடைசியா, அடுத்தவங்க வழக்கத்த மீறினா நீங்க என்ன பண்றீங்கங்கறதும் இதுல ஒரு பாதி. புதுசா குடி வந்த பசங்க பால்கனில துணி காயப் போட்டுட்டாங்கன்னு போட்டோ எடுத்து குரூப்ல போடறது இருக்கே, அது மாதிரி கேவலமான வேலை கிடையாது. கீழ பார்க்கிங்ல பாக்கறப்ப தனியா சொல்லுங்க, இங்க இப்படி ஒரு ரூல் இருக்குப்பா, மொட்டை மாடில கொடி கட்டியிருக்கு, சாவி வாட்ச்மேன்கிட்ட வாங்கிக்கன்னு. அவன் "ஏன் சார் போடக் கூடாது, யாருக்கு என்ன கஷ்டம்"னு கேட்டு உங்களுக்கும் பதில் தெரியலன்னா, அடுத்த அசோசியேஷன் மீட்டிங்ல அந்த ரூல அஜெண்டால ஏத்துங்க, ரெண்டாவது ஆளா அவனையும் கூட்டிட்டுப் போங்க.